கேஷ், காசு, ஆறு தம்படி

"சார், இங்கிலீஷ்ல 'கேஷ்'னு சொல்றது நம்ம 'காசு'லேர்ந்து போனதுதானே?" என்று போன வாரம் வேப்பூர் கூட்டு ரோடில் ஒரு நண்பர் கேட்டார். அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கையில் கைப்பேசி, அதில் யாரோ அனுப்பிய செய்தி. உலகத்துக்கே பணத்தைக் கற்றுக்கொடுத்தவன் தமிழன் என்று அதில் எழுதியிருந்தது. 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்திருக்கும். 'பாதி ஆமாம்' என்று சொன்னேன். அதனால் இரண்டாவது டீயும் வந்தது. அங்கே சொல்லி முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் பள்ளிப் படிப்பு எப்படிப்பட்டது என்பது தெரியும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு. ஆங்கிலம் மூன்றாவதாக வந்து சேர்ந்தது. பிறகு பிழைப்புக்கு இந்தப் பக்கம் வந்து, அரசு அலுவலகத்தில் எழுத்தராகி, அதிலேயே ஓய்வும் பெற்றேன். இப்படிப் படித்ததில் ஒரு சின்ன லாபம் உண்டு. ஆங்கிலச் சொல் ஒன்றைப் பார்த்தால் எனக்கு முதலில் அதன் பிரெஞ்சு முகம்தான் தெரியும். பணத்தைப் பற்றிய சொற்களில் பாதிக்கு மேல் அப்படித்தான்.

ஆங்கிலத்தில் 'மணி' என்றால் எல்லாப் பணமும். பிரெஞ்சில் அதன் உடன்பிறப்பு 'மொனே'. பேச்சு வழக்கில் அதற்குச் சில்லறை என்று பொருள். கடைக்காரரிடம் 'மொனே இருக்கிறதா' என்று கேட்டால் நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்கிறோம் என்று அர்த்தம், கடன் கேட்கிறோம் என்றல்ல. இரண்டு சொற்களுக்கும் தாய் ஒன்றுதான். பழைய ரோமாபுரியில் 'மொனேத்தா' என்ற பெயர் கொண்ட ஜூனோ தேவியின் கோயிலையொட்டி நாணயச்சாலை இருந்தது. அந்தப் பெயரிலிருந்து வந்தவை இவை. பணம் மொத்தத்துக்கும் பிரெஞ்சுக்காரன் வைத்திருக்கும் சொல் 'அர்ழான்'. அதற்கு வெள்ளி என்றும் பொருள். ஆங்கிலத்தில் 'காயின்' என்றால் நாணயம். அதே எழுத்துகளைப் பிரெஞ்சில் எழுதினால் மூலை என்று அர்த்தம். முன்பு ஆப்பு என்றும் பொருள் இருந்தது. நாணயத்தில் முத்திரை அடிக்கும் அச்சு ஆப்பு மாதிரி இருந்ததால், அச்சின் பெயர் ஆங்கிலத்தில் காசுக்கு வந்துவிட்டது. அலுவலகத்தில் 'பெட்டி கேஷ்' என்போமே, அந்த 'பெட்டி' பிரெஞ்சின் 'ப்தி', அதாவது சின்னது. நம் ஊர்ப் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

ஆனால் நண்பர் கேட்ட அந்தக் 'கேஷ்' உண்மையிலேயே பெட்டிதான். பிரெஞ்சில் 'கெஸ்' என்றால் பெட்டி. கடையில் பணம் கட்டும் இடத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். நம் கடைத்தெரு மொழியில் சொன்னால் கல்லா. கல்லாவில் உட்காருகிறவர் 'கெசியே'. அவரே ஆங்கிலத்தில் 'கேஷியர்'. ஆங்கிலேயர்கள் இந்தச் சொல்லைப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் எடுத்துக்கொண்டபோது அதற்குப் பணப்பெட்டி என்ற பொருளும் இருந்தது. பிறகு பெட்டி போய், பெட்டிக்குள் இருந்த ரொக்கம் மட்டும் அந்தப் பெயரில் நின்றுவிட்டது. 'கல்லாவில் எவ்வளவு இருக்கு?' என்று கேட்டால் பணத்தைத்தானே சொல்கிறோம், மரத்தை இல்லையே. அதே கதைதான்.

ஆகவே 'கேஷ் புக்', 'கேஷ் இன் ஹேண்ட்', 'கேஷ் பில்' என்று முப்பது வருஷங்களுக்கு மேல் நான் எழுதிய அத்தனை கேஷும் ஐரோப்பாக் கல்லாவைச் சேர்ந்தவை. தமிழாசிரியர் முகம் கொஞ்சம் வாடியது.

வாட வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இன்னொரு 'கேஷ்' இருக்கிறது. எழுத்து, உச்சரிப்பு எல்லாம் அதேதான், ஆனால் வேறு சொல். அது நம்முடையது. போர்த்துக்கீசியர்கள் இந்தக் கரைக்கு வந்தபோது 'காசு' என்பது அவர்கள் காதில் விழுந்தது. அதை அவர்கள் 'கைஷா' என்று எழுதிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் 'கைஷா' என்றாலும் பெட்டிதான். ஏற்கெனவே நாக்கில் இருந்த சொல்லுக்குள் நம் காசைப் போட்டு மூடிவிட்டார்கள் போலிருக்கிறது. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய் 'கேஷ்' ஆயிற்று. இந்தக் கேஷுக்கு ரொக்கம் என்று பொருள் இல்லை. மிகச் சிறிய செப்புக் காசு என்றுதான் பொருள். யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் சேர்ந்து தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி 1886-ல் வந்தது. அதில் இந்தக் காசுக்குத் தனி இடம் உண்டு.

இந்த இரண்டாவது கேஷைக் கம்பெனிக்காரர்கள் மதராஸில் தினம் எழுதினார்கள். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆங்கிலத்தில் முறையே கேஷ், ஃபனம், பகோடா. கணக்குப் பார்த்தால் ஒரு வராகனுக்கு 3,360 காசு. அவர்களுடைய பேரேட்டில் மூன்று பத்தி இருக்கும். கடைசிப் பத்தியின் தலையில் 'கேஷ்' என்றிருக்கும். அந்தப் பத்தியில் எண் 79-ஐத் தாண்டக்கூடாது, 80 ஆனால் பணப் பத்திக்கு ஏறிவிடும். விவரம் தெரியாமல் இன்று யாராவது அந்தப் பழைய கணக்கைப் புரட்டினால், மூன்றாவது பத்தி மட்டும் ரொக்கம், மற்றதெல்லாம் பாக்கி என்று நினைத்துக்கொள்வார். 1818-ல் மதராஸில் ரூபாய்க் கணக்கு வந்தபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்றினார்கள். அதோடு அந்தப் பத்தி போயிற்று.

திருவிதாங்கூரில் போகவில்லை. அங்கே 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். நாடு விடுதலை பெற்ற சமயம் வரையில் அந்தக் காசுகள் புழங்கின. நாகர்கோவில் பக்கத்து நண்பர்கள் வீட்டுப் பழைய பெட்டிகளில் ஒன்றிரண்டு இருக்கலாம், ஆங்கில எழுத்தில் 'கேஷ்' என்றே பொறித்தது. இன்னும் வேடிக்கை, சீனாவில் நடுவில் சதுர ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்து வைத்திருந்தார்களே, அந்தச் செப்புக் காசுக்கும் ஐரோப்பியர் வைத்த பெயர் 'கேஷ்'. இன்றைக்கும் நாணயம் சேர்ப்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். சீனாக்காரனுக்கு அந்தப் பெயர் தெரியாது. நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டுபோய் அவன் காசுக்கு ஒட்டிவிட்டார்கள்.

எங்கள் புதுச்சேரியைச் சொல்லாமல் விட்டால் என் பாட்டி கோபித்துக்கொள்வாள். பிரெஞ்சுக்காரர்கள் அங்கே அடித்த சிறு நாணயங்களின் பெயர்கள் ஃபனோன், தூது, காஷ். நாம் சொல்லிப் பார்த்தால் பணம், துட்டு, காசு. துட்டிலும் காசிலும் ஒரு பக்கம் பிரெஞ்சு அரசரின் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி' என்று எழுத்து. இப்படியாகப் பிரெஞ்சிலும் பெட்டிக்கு ஒரு சொல், நம் காசுக்கு ஒரு சொல் என்று இரண்டு இருந்தன. ஆனால் பிரெஞ்சில் எழுத்து வேறு வேறு, குழப்பம் இல்லை. ஆங்கிலத்தில்தான் இரண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டன. 'துட்டு' டச்சுக்காரர்களின் 'டாய்ட்' என்ற செப்புக் காசிலிருந்து வந்தது என்பார்கள். நாகப்பட்டினமும் பரங்கிப்பேட்டையும் அவர்கள் புழங்கிய ஊர்கள்தானே.

காசு என்றால் எப்போதும் அற்பத் தொகை என்று நினைத்துவிடக்கூடாது. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில் வரும் காசு பெரிய தொகை. ஊர்ச் சபையார் கோயில் பணத்தை வாங்கிக்கொண்டு, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டியதாக அங்கே வெட்டியிருக்கிறது. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, நம் கணக்கில் பன்னிரண்டரை சதவீதம். (எந்த வங்கி நமக்கு அதைத் தருகிறது?) அதற்கும் முன்னால், திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் தினம் படிக்காசு தந்த கதை உங்களுக்குத் தெரியும். சம்பந்தருக்குக் கிடைத்த காசைக் கடைக்காரர்கள் வாசி பிடித்துக்கொண்டுதான் வாங்கினார்கள். சாமி கொடுத்த காசாகவே இருந்தாலும் மாற்றுப் பார்க்காமல் வாங்காத ஊர் இது.

நம் விருத்தாசலத்துக் கதையும் அப்படித்தான். சுந்தரர் திருமுதுகுன்றத்தில் பன்னிரண்டாயிரம் பொன் பெற்று, மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். போடுவதற்கு முன் மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார் என்பதைத்தான் நான் மிகவும் ரசிப்பேன். மாதிரி ஒன்று கையில் இல்லாமல் யாரும் எதையும் ஒப்புக்கொள்ளக்கூடாது என்று ட்ரெஷரி விதியே சொல்கிறது. வெளியூர் உறவினர்கள் வந்தால் இங்கே செராமிக் பொம்மை வாங்கிக்கொண்டு கோயிலையும் பார்த்துவிட்டுப் போவார்கள். அப்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

இப்படி ஒரே உடையில் இரண்டு சொற்கள் திரிவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கேஷ் விஷயத்தில் நஷ்டம் ஒன்றும் இல்லை, பெருமை பேசுவதில் கொஞ்சம் கூடக்குறைய ஆகும், அவ்வளவுதான். ஆனால் இதே மாதிரி இன்னொரு குழப்பத்தில் ஒரு பெரியவரின் பணம் மாதக்கணக்கில் நின்றுபோனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது 'பி' என்ற ஒற்றை எழுத்தால் வந்தது.

எங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவுக்கு நான்கு காலணா. ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு தம்படி. ஆக ஒரு ரூபாயில் 64 காலணா, 192 தம்படி. இதில் காலணாவுக்கு ஆங்கிலத்தில் 'பைஸ்'. தம்படிக்கு 'பை'. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி தசமக் கணக்கு வந்தது, ரூபாய்க்கு 100 'பைசா'. பை, பைஸ், பைசா. சொல்லிப் பாருங்கள், பல் இல்லாதவர் வாயில் மூன்றும் ஒன்றாகத்தான் வரும். அரசாங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. பழைய பைசாவோடு குழம்பக்கூடாது என்றுதான் புதியதற்கு 'நயா பைசா' என்று பெயர் வைத்தார்கள். நயா என்றால் புது. 1964 ஜூன் 1 முதல் அந்த 'நயா'வை எடுத்துவிட்டார்கள். மக்களுக்குப் பழகிவிட்டது, சரிதான். ஆனால் அலமாரியில் தூங்கும் பழைய ரிஜிஸ்தர்களுக்குப் பழகவில்லையே! அவற்றில் ரூ., அ., பி. என்று ஆங்கிலத்தில் மூன்று பத்தி. அந்த 'பி' தம்படி. புதிய ரிஜிஸ்தரில் ரூ., பி. என்று இரண்டு பத்தி. அந்த 'பி' பைசா.

இங்கிலாந்துக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய பழைய பென்னிக்கு 'டி' என்று எழுதுவார்கள், ரோமானியரின் 'தெனாரியஸ்' என்ற நாணயத்தை நினைத்து. 1971 பிப்ரவரி 15-ல் அவர்கள் தசமத்துக்கு மாறியபோது எழுத்தையும் 'பி' என்று மாற்றிக்கொண்டார்கள். தாளைப் பார்த்தவுடன் பழையதா புதியதா என்று தெரிந்துவிடும். கூடவே இன்னொன்று, பென்னியின் பன்மை அவர்களுக்கு இரண்டு. காசுகளை எண்ணினால் 'பென்னீஸ்', தொகையைச் சொன்னால் 'பென்ஸ்'. மூன்று பென்னீஸ் என்றால் மூன்று காசு கையில் இருக்கிறது. மூன்று பென்ஸ் என்றால் அந்த மதிப்பு, ஒரே காசாகக்கூட இருக்கலாம். என் ஆங்கில வாத்தியார் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்.

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, 1974 என்று நினைவு. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். சாலையோரப் புளிய மரங்களை மகசூலுக்கு ஏலம் விடுவது அப்போதைய வழக்கம். பெரியவர் 1955-ல் ஓர் ஏலம் எடுத்திருக்கிறார். ஏலத் தொகை 98 ரூபாய் 14 அணா. அதில் கால் பங்கு டெபாசிட், 24 ரூபாய் 11 அணா 6 தம்படி. ரசீதில் '24-11-6' என்றிருந்தது. குத்தகைப் பணத்தை முழுக்கக் கட்டிவிட்டார், டெபாசிட்டை மட்டும் திருப்பி வாங்கவே இல்லை. ஊரைவிட்டு மகனோடு போய்விட்டாராம். பத்தொன்பது வருஷம் கழித்துத் தகரப் பெட்டியில் ரசீது அகப்பட்டிருக்கிறது. மனைவிக்குக் கண் அறுவைக்குப் போகவர ஆகும் செலவுக்கு அதை நம்பி வந்திருந்தார்.

டெபாசிட் காலாவதியாகி அரசுக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதைத் திருப்பித் தரத் தனி உத்தரவு வேண்டும். உத்தரவு ஒரு வழியாக வந்தது. எங்கள் பிரிவில் ஓர் இளைஞர் பில் போட்டார். அவரிடம் அணாவைப் பைசாவாக்கும் அட்டவணை இருந்தது, பதினோரு அணாவுக்கு 69 பைசா. சரி. அடுத்து 'பி' பத்தியில் 6. பி என்றால் பைசா, 69-ம் 6-ம் 75. பில் தொகை 24 ரூபாய் 75 பைசா. போன பில் திரும்பி வந்தது. 'தொகை தவறு' என்று ஒரு வரி, வேறு விளக்கம் இல்லை. இளைஞர் மறுபடி கூட்டிப் பார்த்தார், 75 வந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடி திரும்பியது. இப்படியே இரண்டு மாதத்துக்கு மேல் போயிற்று.

பெரியவர் மூன்றாம் முறை வந்தபோது நான் அந்த மேசைக்குப் பக்கத்து மேசையில் இருந்தேன்.

"என்னதான் தம்பி தகராறு?" என்று கேட்டார்.

"கணக்கு ஒத்துக்க மாட்டேங்குறாங்க பெரியவரே. பதினோரு அணா ஆறு பைசா, எழுபத்தஞ்சுதானே வருது?" என்றார் இளைஞர்.

"ஆறு பைசாவா? அம்பத்தஞ்சுல பைசா ஏது தம்பி? நான் கட்டுனது ஆறு தம்படி. ஆறு தம்படின்னா அரையணா. அரையணாவுக்கு உங்க புதுப் பைசா மூணுதான் வரும்."

அவருக்கு ஆங்கிலம் ஓர் எழுத்துத் தெரியாது. ரசீதில் கைநாட்டுத்தான். ஆனால் அவர் பேசிய தமிழில் தம்படிக்கும் காலணாவுக்கும் பைசாவுக்கும் வேறு வேறு பெயர் இருந்தது. அதனால் அவருக்குக் குழப்பமே வரவில்லை. நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். பதினோரு அணா 6 தம்படி என்றால் 138 தம்படி. 192-க்கு 100 என்றால் 138-க்கு 71.875. முழுப் பைசாவாக 72. மூன்று பைசா அதிகம் போட்டதற்காக இருபத்துநான்கு ரூபாய் எழுபத்திரண்டு பைசா இரண்டு மாதம் நின்றிருக்கிறது. திருப்பியவர்கள் மேலேயும் முழுத் தப்பு இல்லை, கூடுதலாக ஒரு பைசா கொடுத்தாலும் அவர்கள் தலையில் விழும். ஆனால் 'பி என்பது பை' என்று மூன்று சொல் எழுதியிருக்கலாம். அதைத்தான் என்னால் இன்றுவரை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

பில்லை மாற்றி எழுதி, ஓரத்தில் கணக்கையும் போட்டு, பழைய ரசீதின் நகலில் 'பி' பத்தியைச் சிவப்பு மையால் சுற்றி அனுப்பினோம். அடுத்த வாரமே பாஸாகி வந்தது.

பணம் வாங்கப் பெரியவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவுக்கு ஒரு கண்ணில் ஏற்கெனவே பார்வை இல்லை, அவர் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். கேஷியர் இரண்டு பத்து ரூபாயும் நான்கு ஒற்றை ரூபாயும் எண்ணி வைத்தார். சில்லறைக்கு ஐம்பது பைசா ஒன்று, தாமரைப் பூப் போட்ட மஞ்சள் இருபது பைசா ஒன்று, ஓரம் வளைந்து வளைந்து இருக்குமே, அந்த அலுமினிய இரண்டு பைசா ஒன்று. பெரியவர் நோட்டை எண்ணவில்லை. சில்லறையை மட்டும் ஒவ்வொன்றாக அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, இது இவ்வளவு, இது இவ்வளவு என்று சொன்னார். அவர் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு விருத்தாசலம் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்கள்.